நண்டுக்காக வரப்பை வெட்டலாமா?



கொரோனா வந்து போனதிலிருந்து நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி ஓய்ந்தபாடில்லை. “எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொள்ள என்ன சாப்பிடலாம்?” நெல்லிக்காய் போதுமா, துத்தநாக மாத்திரை வேண்டுமா, மஞ்சள் பாலில் மிளகு எத்தனை போடுவது என்று விவரமாகவே கேட்கிறீர்கள். விளம்பரம் தருகிறவர்களும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். ‘எதிர்ப்பு சக்தி சிறப்பிதழ்’ ஒன்று போட்டால் கட்டுக்கட்டாகப் போகும் என்று விற்பனைப் பிரிவு நண்பர் வருடா வருடம் சொல்லிப் பார்க்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நெல்லிக்காய் மீது கோபம் ஒன்றும் கிடையாது, தாராளமாகச் சாப்பிடுங்கள். கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்கிற அந்தக் கணக்குத்தான் இடிக்கிறது.

அந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்று காட்ட மூளை மலேரியாவைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இது மழைக்கால இதழ். கொசுவைப் பற்றியும் காய்ச்சலைப் பற்றியும் உள்ளே கட்டுரைகள் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் நான் போக நினைப்பது கொஞ்சம் தூரம்: ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் உள்ள மலாவி நாட்டுக்கு, அங்கே பிளாண்டயர் நகரத்து அரசு மருத்துவமனைக்கு.

அதற்கு முன் ஒரு வார்த்தை. மலேரியா என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது குளிர்க்காய்ச்சல். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் பல் கிட்டும், அப்புறம் கொதிக்கும், வியர்த்துக் கொட்டி இறங்கும், ஒருநாள் விட்டு மறுபடி வரும். அது பெரும்பாலும் விவாக்ஸ் என்கிற கிருமியின் வேலை. சென்னையில் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி கொசு அதைப் பரப்புகிறது. (இந்த நகரத்துக் கொசு 2012-இல் ஜிபூட்டியில் தென்பட்டு, இப்போது ஆப்பிரிக்காவுக்குத் தலைவலியாகிவிட்டது.) ஆளை உருட்டிப்போடும் என்றாலும் விவாக்ஸ் உயிரைக் கொண்டுபோவது அரிது. அதன் பங்காளி ஃபால்சிபாரம் அப்படியல்ல. 2023-இல் உலகம் முழுவதும் 26 கோடிப் பேருக்கு மேல் மலேரியா வந்தது. ஏறத்தாழ 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 95 சாவு ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃபால்சிபாரம்தான் காரணம். அதில் கொடியது, நோய் மூளையைத் தொடும் நிலை, அதாவது மூளை மலேரியா.

காலையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு மதியம் காய்ச்சல். இரவுக்குள் வலிப்பு. விடிவதற்குள் நினைவு தப்பிவிடுகிறது. அம்மா முதுகில் கட்டிக்கொண்டு வருகிறாள். பிளாண்டயரில் குவீன் எலிசபெத் மத்திய மருத்துவமனை என்று ஒன்று. மழைக்காலத்தில் அதன் மலேரியா வார்டு இப்படிப்பட்ட பிள்ளைகளால் நிறைந்துவிடும். டெர்ரி டெய்லர் என்ற அமெரிக்க மருத்துவர் 1980-களிலிருந்து பல ஆண்டுகள் மழைக்காலத்தில் அங்கே வந்து வேலை பார்த்திருக்கிறார். மால்கம் மாலினு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பல ஆண்டுகள் அங்கேயே தங்கிப் பணியாற்றி 2021-இல் மறைந்தார்.

அந்த வார்டில் பிறந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். நினைவு எவ்வளவு தப்பியிருக்கிறது என்று அளக்க உலகம் முழுக்கப் பயன்படுவது கிளாஸ்கோ அளவுகோல். “உங்கள் பெயர் என்ன, இது எந்த ஊர்” என்று கேட்டுப் பதிலுக்கு மதிப்பெண் போடுவார்கள். பேச்சே வராத ஒரு வயதுக் குழந்தையிடம் என்னத்தைக் கேட்பது? மாலினுவும் டெய்லரும் கூட்டாளிகளும் 1989-இல் வேறொன்றை வகுத்தார்கள். மார்பெலும்பின் மேல் விரல் முட்டியால் அழுத்தித் தேய்ப்பது. வலிக்கும் இடத்துக்குக் குழந்தையின் கை வருகிறதா? நகத்தின் மேல் பென்சிலை வைத்து அழுத்தினால் கையை இழுத்துக்கொள்கிறதா? அழுகை முழுசாக வருகிறதா, முனகலாக நிற்கிறதா? அம்மாவின் முகம் அசையும்போது கண் கூடவே போகிறதா? மொத்தம் ஐந்து மதிப்பெண். இரண்டும் அதற்குக் கீழும் என்றால் கோமா. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். இன்றைக்கு உலகெங்கும் குழந்தைகளின் மலேரியாவுக்கு இதுதான் அளவுகோல்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? பழைய விளக்கம் ஒன்று உண்டு, இன்னமும் பாதி உண்மை. ஃபால்சிபாரம் புகுந்த சிவப்பணுவின் மேற்பரப்பில் சிறு சிறு முண்டுகள் முளைக்கின்றன. அவற்றில் கிருமி தயாரித்த ஒரு பசைப் புரதம் இருக்கிறது. அதைக்கொண்டு அந்த அணு நுண்ணிய ரத்தநாளத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தோடு ஓடினால் மண்ணீரலில் மாட்டிக்கொள்ளும், அங்கே பழுதான அணுக்கள் பிடிபட்டு அழிந்துவிடும். அதற்குத் தப்பத்தான் இந்த ஒட்டல். மூளையின் நுண்நாளம் ஒரு சிவப்பணு நுழையும் அகலமே உள்ளது. அங்கே அணுக்கள் வரிசையாக ஒட்டினால் அடைப்புத்தான். இறந்தவர்களின் மூளையில் இப்படி அடைத்துக்கிடப்பதை இத்தாலிய மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பார்த்து எழுதிவிட்டார்கள். அடைப்பு, ரத்தம் இல்லை, மூளை சாகிறது. விஷயம் முடிந்தது என்றே பலர் நெடுங்காலம் நினைத்தார்கள்.

ஆனால் ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. பக்கவாதத்தில் மூளைக்கு ரத்தம் நின்றால் கை கால் விழுந்துவிடுகிறது, பேச்சு போய்விடுகிறது. மூளை மலேரியாவில் இரண்டு நாள் கட்டைபோலக் கிடந்த பிள்ளை மூன்றாம் நாள் கண் திறந்து கஞ்சி கேட்கிறது. வலிப்பும் படிப்பில் பின்தங்கலும் பிழைத்தவர்களில் மூன்றில் ஒருவரைப் பின்னால் வந்து பிடிக்கின்றன, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் மற்றவர்கள் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து போகிறார்கள். வெறும் அடைப்பு என்றால் இது எப்படி?

பிளாண்டயர்க் குழு மெதுவாக, பல வருடம் எடுத்து இதற்குப் பதில் தேடியது. இறந்த குழந்தைகளின் பெற்றோரிடம் சம்மதம் கேட்டுப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். பிள்ளையை இழந்து நிற்பவர்களிடம் அதைக் கேட்பது எப்படிப்பட்ட காரியம் என்று நினைத்துப் பாருங்கள். சம்மதித்தவர்களுக்கு இந்த உலகம் கடன்பட்டிருக்கிறது. 2004-இல் முதல் அதிர்ச்சி வந்தது. மூளை மலேரியா என்று முடிவு கட்டியிருந்த 31 குழந்தைகளில் 7 பேர் இறந்தது வேறு காரணத்தால். ரத்தத்தில் கிருமி இருந்தது, கொன்றது அது அல்ல. உண்மையான மூளை மலேரியாவை உயிரோடு இருக்கும்போதே பிரித்துக் காட்டிய ஒரே அடையாளம் கண்ணில் இருந்தது. பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு விழித்திரையைப் பார்த்தால் அங்கங்கே வெளுத்த திட்டுகள், நிறம் மாறிய நாளங்கள், நடுவில் வெள்ளைப் பொட்டு வைத்த சிறு ரத்தக்கசிவுகள் தெரியும். விழித்திரையும் மூளையின் ஒரு துண்டுதானே. அதன் நாளங்களை மட்டும் வெளியிலிருந்தே பார்க்க முடிகிறது.

2008-இல் அந்த மருத்துவமனைக்கு எம்.ஆர்.ஐ. கருவி வந்தது. 2015-இல் வெளியான முடிவு இது: மூளை மலேரியாவோடு சேர்க்கப்பட்ட 168 குழந்தைகளில் 25 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 21 பேருக்கு, வந்து சேர்ந்தபோதே மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்த 143 பேரில் அப்படி வீங்கியிருந்தது 39 பேருக்கு மட்டும். மண்டை ஓட்டுக்குள் இடம் கிடையாது. வீங்கும் மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு மூளைத்தண்டை நசுக்குகிறது. மூச்சை நடத்தும் மையம் அங்கே இருக்கிறது. இதயம் துடித்துக்கொண்டிருக்க மூச்சு மட்டும் நின்றுபோகிறது. பிழைத்தவர்களுக்கு அந்த வீக்கம் ஓரிரு நாளில் வற்றிவிடுகிறது. எழுந்து கஞ்சி கேட்ட பிள்ளையின் புதிர் இங்கே அவிழ்கிறது: மூளை சாகவில்லை, நீர் கோத்திருந்தது. மூளை நாளங்களின் உட்சுவர் மற்ற இடங்களைப்போல இல்லாமல் நெருக்கமாகத் தைக்கப்பட்டது. எதையும் எளிதில் கசிய விடாது. அது ஏன் கசிந்தது?

இப்போது நம் எதிர்ப்பு அணுக்களின் கதைக்கு வருவோம். ரத்தத்தில் டி செல் என்ற வெள்ளையணு வகை உண்டு. அதில் சிடி8 என்ற முத்திரை தாங்கியவை கொலைத்தொழிலில் தேர்ந்தவை. நம் உடலின் ஒரு செல்லுக்குள் கிருமி புகுந்துவிட்டால் அந்த செல் கிருமியின் துணுக்கை எடுத்துத் தன் மேற்பரப்பில் காட்டும். சிடி8 அதைப் பார்த்து நெருங்கி, துளை போடும் ஒரு புரதத்தையும் உள்ளிருந்து அழிக்கும் இன்னொரு புரதத்தையும் செலுத்தி அந்த செல்லையே முடித்துவிடும். வைரஸ் காய்ச்சல்களில் இது நம்மைக் காப்பாற்றுகிற வேலை.

எலிகளுக்கு மலேரியா கொடுத்துப் பார்த்தவர்கள் 1990-களிலேயே ஒன்றைக் கவனித்தார்கள். சிடி8 அணுக்களை நீக்கிவிட்டால் எலிக்கு மூளை மலேரியா வருவதில்லை! சிங்கப்பூரில் லோரன் ரெனியாவின் குழு 2013-இல் காரணத்தைத் தெளிவாக்கியது. நாளத்தின் உட்சுவர்ச் செல்கள் கிருமியின் சிதறல்களை விழுங்கி, துணுக்குகளை வெளியே காட்டுகின்றன. கடமை தவறாத சிடி8 அந்தச் சுவரையே தாக்குகிறது. வரப்பில் வளை தோண்டிய நண்டைப் பிடிக்க வரப்பையே வெட்டினால் எப்படி இருக்கும்? நண்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வயலில் தண்ணீர் ஏறிவிடும். மூளை வீக்கம் அந்தத் தண்ணீர்தான்.

“எலிக்குச் சரி, மனிதனுக்கு?” என்று பெரிய சண்டை நடந்தது. நிக் ஒயிட், ஆர்யன் டோன்டோர்ப் போன்ற பெரிய மலேரியா மருத்துவர்கள் 2010-இல் எலியின் நோயும் மனிதனின் நோயும் வேறு வேறு என்று கடுமையாகவே எழுதினார்கள். எலி மூளையில் கிருமி புகுந்த சிவப்பணு அவ்வளவாக ஒட்டுவதில்லை. மனித மூளையிலோ அதுதான் எங்கும் தெரிகிறது, வெள்ளையணுக்கள் மூளைத் திசுவுக்குள் கூட்டமாகப் புகுந்த தடயம் இல்லை. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. எலியைக் காப்பாற்றிய மருந்துகளை நம்பி ஏமாந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு.

2020-இல் பதில் வந்தது. மலாவியில் சேகரித்து வைத்திருந்த மூளைத் திசுக்களை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்து ஆய்வாளர்களும் பிளாண்டயர்க் குழுவும் சேர்ந்து பார்த்தார்கள். மொத்தம் 34 குழந்தைகள், மூளை மலேரியாவால் இறந்தவர்களும் வேறு காரணத்தால் இறந்தவர்களும். ஒரே வெட்டுத்துண்டில் பல வகை அணுக்களுக்கு வேறு வேறு நிறமேற்றிப் பார்க்கும் முறை இப்போது இருக்கிறது. மூளை மலேரியாவில் இறந்தவர்களின் நாளங்களில் சிடி8 அணுக்கள் கூடுதலாக இருந்தன. அவற்றில் பல நாளச் சுவரைத் தொட்டு நின்றன. முன்னால் பார்த்தவர்கள் மூளைத் திசுவுக்குள் தேடி, இல்லை என்று எழுதினார்கள். அவை நாளத்துக்கு உள்ளேயே நின்று வேலையை முடிக்கின்றன. திசுவுக்குள் போக அவற்றுக்கு அவசியமே இல்லை.

இந்த ஆய்வின் இன்னொரு முடிவுதான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. அந்தக் குழந்தைகளில் சிலருக்கு எச்.ஐ.வி. இருந்தது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் நோய் எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட எச்.ஐ.வி. என்று சொல்லும். அப்படியானால் அந்தக் குழந்தைகளின் மூளை நாளங்களில் கொலை அணுக்கள் குறைவாக இருக்க வேண்டும். இருந்தது நேர்மாறாக: அவர்களிடம் இந்த அணுக்கள் இன்னும் அதிகம். எச்.ஐ.வி. அழிப்பது ஒரு வகை டி செல்லை. சிடி8 வகையோ ஓயாத உசுப்பலில் இருக்கிறது. ஒரே உடலில் ஒரு பக்கம் பற்றாக்குறை, மறுபக்கம் மிகை. இதில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

மூளைக்கென்றே குடியிருக்கும் எதிர்ப்பு அணுக்களும் உண்டு, மைக்ரோகிளியா என்று பெயர். வெடித்த நுண்நாளங்களைச் சுற்றி அவை வளையமாகக் கூடுவதை ஜெர்மானியரான ஹெர்மன் டுர்க் கண்டு எழுதினார். அவர் பெயராலேயே அந்த முடிச்சுகள் இன்றும் அறியப்படுகின்றன. அவை பெரும்பாலும் சேதம் நடந்த பிறகு துப்புரவுக்கு வருபவை. நாளத்துக்குள் வெள்ளையணுக்களில் பெரிய வகையான மோனோசைட்டுகளும் தட்டணுக்களும் சேர்ந்து நெரிசல் பண்ணுவதும் மலாவிக் குழந்தைகளிடம் காணப்பட்டிருக்கிறது. ஆக, குற்றவாளி ஒருவர் மட்டும் அல்லர்.

“அப்படியானால் எதிர்ப்பை அடக்கிவிடலாமே” என்று உங்களுக்குத் தோன்றும். மருத்துவர்களுக்கும் தோன்றியது. வீக்கத்தை வற்ற வைப்பதில் பேர்போன ஸ்டீராய்டு டெக்ஸாமெத்தசோனை தாய்லாந்தில் 100 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார்கள். 1982-இல் முடிவு வந்தது. சாவு குறையவில்லை. மருந்து பெற்றவர்களுக்கு நினைவு திரும்பச் சராசரியாக 63 மணி நேரம் ஆனது, பெறாதவர்களுக்கு 47. நிமோனியாவும் வயிற்றில் ரத்தக்கசிவும் வேறு கூடின. பிறகு காம்பியா நாட்டில் 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம், அழற்சியைக் கிளப்பும் டி.என்.எஃப். என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டும் எதிர்ப்பான் கொடுத்துப் பார்த்தார்கள். 1996-இல் வந்த முடிவில் காய்ச்சல் குறைந்தது, சாவு குறையவில்லை, பிழைத்தவர்களில் நரம்புப் பாதிப்பு நிலைத்தவர்கள் அதிகமானார்கள். இரண்டு சோதனைகளும் நல்ல எண்ணத்தில், நல்ல தர்க்கத்தில் நடந்தவை. சோதித்துப் பார்க்காமல் ‘கொடுத்தால் நல்லதுதானே’ என்று கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் போயிருப்பார்கள் என்பதை நினைத்தால் சிலிர்க்கிறது. மருத்துவத்தில் எதிர்மறை முடிவை மறைக்காமல் அச்சிடுபவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை.

கிருமியோடு போராட அதே எதிர்ப்பு அணுக்கள் தேவை. எனவே முழுக்க அடக்குவதை விட்டு, மூளை நாளச் சுவரில் அவற்றை ஒட்டவிடாமல் செய்ய முடியுமா என்று இப்போது பார்க்கிறார்கள். எலிகளில், நாளச் சுவரில் சிடி8 அணுக்கள் ஊர்ந்து திரிவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்து, ஒட்டலைத் தடுக்கும் எதிர்ப்பான்களைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். மனிதக் குழந்தைக்கு அது மருந்தாக இன்னும் வந்துவிடவில்லை. எலிச் செய்தியைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பவர்கள் மேலே சொன்ன சண்டையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டுப் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ஒடிசாவின் ரூர்கேலாவில் இஸ்பாத் பொது மருத்துவமனை, அங்குள்ள உருக்காலையின் மருத்துவமனை. சஞ்சீப் மொகந்தியும் அவருடன் பணியாற்றியவர்களும் அங்கே பெரியவர்களின் மூளை மலேரியாவை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்தார்கள். குழந்தைகளைக் கொல்லும் வீக்கம் பெரியவர்களிடம் அதே மாதிரி இல்லை. இறக்கும் பெரியவர்களிடம் மூளை பிராணவாயு இல்லாமல் தவித்த அடையாளம் மேலோங்கி நிற்கிறது. அங்கே பழைய ‘அடைப்பு’ விளக்கத்துக்குப் பலம் கூடுகிறது. ஒரே கிருமி, வயதுக்கு ஏற்ப வேறு வழியில் கொல்கிறது. மலாவிக் குழந்தைக்குச் சரியான மருந்து ஒடிசாச் சுரங்கத் தொழிலாளிக்குச் சரியாக இருக்கும் என்று எழுதிக்கொடுக்க முடியாது.

இத்தனைக்கும் நடுவே உறுதியாகக் கையில் இருப்பது ஒன்று: ஆர்ட்டிசுனேட் ஊசி. சீனப் பெண் விஞ்ஞானி து யூயூ கண்டெடுத்து 2015-இல் நோபல் பரிசு பெற்ற மருந்தின் வழிவந்தது. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் பழைய குவினைனோடு ஒப்பிட்டபோது சாவு 22 விழுக்காட்டிலிருந்து 15 ஆனது. ஆப்பிரிக்கக் குழந்தைகள் 5,425 பேரிடம் பார்த்தபோது 10.9-லிருந்து 8.5 ஆனது. எதிர்ப்பு அணுவைத் தொடவே இல்லை, கிருமியைச் சீக்கிரம் கொன்றது, அவ்வளவுதான். சீக்கிரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அணுக்கள் நாளச் சுவரில் கூடுவதற்கு முன்பே கிருமி குறைந்துவிட்டால் சுவர் தப்பிக்கிறது.

ஆகவே சிறப்பிதழ் கேட்கும் நண்பர்களுக்கு என் முடிவு: போடுவதில்லை. வேறொரு வேண்டுகோள் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஒடிசாவுக்கும் சத்தீஸ்கருக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஆப்பிரிக்காவில் எண்ணெய் வயலிலும் கட்டுமானத்திலும் இருப்பவர்கள் விடுமுறைக்கு வருகிறார்கள். 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்ற இலங்கையிலும், வெளியிலிருந்து வருகிறவர்களோடு கிருமி வருகிறதா என்று இன்றும் கண்காணித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து திரும்பியவர்களுக்குச் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ரத்தத்தை மலேரியாவுக்குப் பரிசோதியுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாமல் காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பேச்சில் தடுமாற்றமோ அசாத்தியத் தூக்கமோ வலிப்போ வந்தால் பெரிய மருத்துவமனைக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் பரிசோதனை இலவசம்.

அன்புடன்,
ஆசிரியர்